பிரம்மசக்தி வீட்டுப் பயம்

“எங்க முறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில வரவேண்டியது புதன்கிழமை மத்தியானம் வருது, அதுவும் அரைத் தூக்கத்துல வருது. இப்படி வந்தா எம் பையன் எதைப் பாத்துப் பயப்படுவான், எந்தப் பயத்துல படிப்பான், சொல்லுங்க டீச்சர்?” என்று முதல் தளத்து லலிதகுமாரி கேட்டாள். பொருநை அடுக்ககத்தின் மாடிப்படியில், இடுப்பில் ஒரு கையும் கைப்பிடிக் கம்பியில் ஒரு கையுமாக நின்றுகொண்டு கேட்டாள். இதையே அவள் வாட்ச்மேனிடமும் செக்ரட்டரியிடமும் என்னிடமும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, ஒரு சொல் மாறவில்லை, அந்த ஞாபகசக்தியில் பாதி அவள் பையனுக்கு இருந்திருந்தால் பயமே தேவைப்பட்டிருக்காது. தரைத்தளத்து எமல்டா டீச்சர் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு நின்றார். அவர் மறைத்தது பிரம்மசக்தியின் பயத்தை. அதன் வால் வெளியே தெரிந்தது.

இந்தச் சண்டை இப்போதைக்கு முடியாது. பாளையங்கோட்டையில் குடித்தனக்காரர்கள் முறைவைத்துத் தண்ணீர் பிடிப்பதுண்டு, குப்பை வண்டிக்கு முறைவைத்துக் காத்திருப்பதுண்டு, ஒருத்தியின் பயத்தை முறைவைத்து வாங்கிக்கொள்வது எங்கள் கட்டடத்தில் மட்டும்தான் என்று நினைக்கிறேன், ஆகவே அது எப்படி ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

பிரம்மசக்தி இருப்பது மூன்றாம் தளம், அதற்கு மேலே மொட்டை மாடிதான். அவள் புருஷன் ஆவுடையப்பன் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி, வாரத்தில் பாதி நாள் நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். மகள் நேத்ரா எல்.கே.ஜி. கல்யாணமான புதிதில், தூத்துக்குடியில் ஒரு வாடகை வீட்டில், பிரம்மசக்தி சமைத்துக்கொண்டிருக்கும்போது குக்கர் மூடி பிய்த்துக்கொண்டு போய்க் கூரையில் இடித்தது. இடிப்பதற்குச் சற்று முன்னால் அது விசில் அடித்தது. அன்றிலிருந்து முதலில் அவள் தன் வீட்டு விசிலுக்குப் பயந்தாள், பிறகு அடுத்த வீட்டு விசிலுக்குப் பயந்தாள், பிறகு பஸ் கண்டக்டரின் விசிலுக்கு, பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் மாஸ்டர் ஊதும் விசிலுக்கு, பிறகு விசிலை ஊதாமல் சும்மா கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போகும் டிரில் மாஸ்டருக்கு, கடைசியில் டீக்கடைக்கும்.

“இதுக்குப் பேரு பொதுமைப்படுத்தல்,” என்பார் எமல்டா டீச்சர். அவர் பி.எட். படித்த காலத்தில் உளவியல் ஒரு பேப்பர், அதை எழுதி முடித்தாலும் அவர் இன்னும் அந்தப் பேப்பரைவிட்டு வெளியே வரவில்லை. “தூண்டல்னு ஒண்ணு, துலங்கல்னு ஒண்ணு. நாய்க்கு மணி அடிச்சு அடிச்சுச் சோறு வச்சா, பெறவு மணி அடிச்ச உடனே எச்சி வடியும். கேளு ரெஜினா…”

“நாய் இருக்கட்டும் டீச்சர், எங்க வீட்டுப் பால் அடுப்புல இருக்கு,” என்று நான் நகர்ந்துவிடுவேன்.

ஆனால் அந்தப் பயத்தால் எங்களுக்கு ஆதாயம் இருந்தது, அதை மறுக்கக் கூடாது. மேல்தொட்டி நிரம்பி வழியும்போது ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து, “யாராவது மோட்டாரை நிறுத்துங்களேன்” என்று குரல் வரும், கட்டடம் முழுக்கக் கேட்கும், யாராவது போவார்கள் என்று யாரும் போக மாட்டோம், கூப்பிட்டவரும் கூப்பிட்டதோடு தன் கடமை முடிந்ததென்று தொலைக்காட்சிக்குத் திரும்பிவிடுவார், தண்ணீர் சுவரெல்லாம் வழிந்து வாசல் கோலத்தைக் கரைத்துக்கொண்டு தெருவுக்குப் போகும். “கூட்டத்தைப் பாத்து யாராவதுன்னு சொன்னா ஒருத்தரும் அசைய மாட்டாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடணும். இதுவும் எங்க பாடத்துல உண்டு,” என்பார் டீச்சர். இதைச் சொல்லி முடிக்கிற நேரத்தில் அவரே போய் நிறுத்தியிருக்கலாம், மோட்டார் சுவிட்சு அவர் வீட்டு வாசலுக்கு எதிரில்தான் இருக்கிறது. கடைசியில் பிரம்மசக்திதான் தொட்டி உடைந்து கட்டடமே சரிந்துவிடும் என்று பயந்து ஈரக் கையோடு அத்தனை படியும் இறங்கி ஓடி வருவாள்.

பயம் வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டில் கறி வேக வைத்தார்கள், விசில் வந்தது, பிரம்மசக்தி கையிலிருந்த தட்டுகளைக் கீழே போட்டாள், சாப்பிட உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் மடியில் ரசம் கொட்டியது. அவன் எழுந்து வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, “ஒண்ணு இந்தப் பயம் வெளிய போகட்டும், இல்ல நான் போறேன், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்,” என்று கத்தினான். எத்தனையோ வீடுகளில் இப்படிக் கத்தியிருக்கிறார்கள், கத்தியபிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இங்கே பயம் சொன்ன பேச்சைக் கேட்டது. பிரம்மசக்தியின் நெஞ்சுக்குழியிலிருந்து இறங்கி, சிதறிய தட்டுகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி வெளியே போயிற்று. ஆட்டுக்குட்டி உயரம், சாம்பல் நிறம், நனைந்த கம்பளியின் வாசனை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகள், உட்கார்ந்தாலும் நின்றாலும் நடுக்கம். லிப்டைப் பார்த்துப் பயந்து படி வழியாகவே இறங்கியது. பிரம்மசக்தி குனிந்து தட்டுகளைப் பொறுக்கினாள், பிறகு புருஷனுக்கு வேறு ரசம் ஊற்றினாள்.

நாங்கள் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நான் படித்த கான்வென்டில் பயத்தைச் சீருடையோடு சேர்த்தே கொடுத்துவிடுவார்கள், தனியாகக் கழற்றி வைக்கிற வழக்கம் கிடையாது, ஆகவே படியில் அது என்னைக் கடந்து போனபோது ‘ஓ, இவ்வளவுதானா உயரம்’ என்று மட்டும் தோன்றியது. செக்ரட்டரி தாணுமூர்த்திக்குத்தான் குழப்பம். இதை வளர்ப்புப் பிராணி என்று வைத்துக்கொள்வதா, விருந்தாளி என்று வைத்துக்கொள்வதா என்று கூட்டம் போட்டார். வளர்ப்புப் பிராணி என்றால் லிப்டில் ஏற்றக் கூடாது, விருந்தாளி என்றால் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அது லிப்டிலும் ஏறாது, வாட்ச்மேன் கழுத்தில் விசில் தொங்குவதால் அவன் பக்கமும் போகாது என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்தது.

அதன் குணத்தை முதலில் கண்டுபிடித்தது லலிதகுமாரி. அவள் பையன் பிளஸ் டூ. புத்தகத்தைத் திறந்து வைத்து அதன் நடுவில் போனை வைத்துப் பார்க்கிற ஜாதி. ஒரு சாயங்காலம் பயம் போக்கிடம் இல்லாமல் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து அவன் நாற்காலிக்கு அடியில் படுத்தது, பையன் போனை அணைத்துவிட்டு இயற்பியல் புத்தகத்தை எடுத்தான், சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. லலிதகுமாரி கண்ணில் நீர் வர அதன் தலையைத் தடவி, “என் செல்லமே” என்றாள். பயத்தை அதுவரை யாரும் செல்லமே என்றதில்லை. அது காதுகளை மடக்கிக்கொண்டு, நடுங்கியபடியே, தன் தலையை அவள் கைக்கு இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தது.

பிறகு எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அது இருக்கிற வீட்டில் பால் பொங்கி வழியாது, கேஸ் மூடாமல் யாரும் படுக்கப் போக மாட்டார்கள், ஆண்கள் குறுக்குத்துறைச் சாலையில் மெதுவாக வண்டி ஓட்டினார்கள், மருமகள்கள் குரலைத் தாழ்த்தினார்கள், சில வீடுகளில் மாமியார்களும். “ரெஜினாக்கா, ஒரு மத்தியானம் மட்டும் தாங்கக்கா, இவுக பிரஷர் மாத்திரையே போட மாட்டேங்காவ,” என்று வந்து கேட்டார்கள். யாருக்கு எந்தக் கிழமை என்று முறை வைத்தோம். வந்த வீட்டிலெல்லாம் அதைத் தடவிக் கொடுத்தார்கள், மடியில் போட்டுக்கொண்டார்கள், அது திடுக்கிட்டால் அதற்கென்று ஒரு துண்டு வெல்லம் வைத்தார்கள், அது தின்னாது, மோந்து பார்க்கும். திடுக்கிட்டால் தடவுவார்கள் என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாகத் திடுக்கிட்டது. “இதுதான் வலுவூட்டல்,” என்றார் எமல்டா டீச்சர், வெல்லத்தை நகர்த்தி வைத்தபடி. அதன் உடம்பும் கொஞ்சம் வளர்ந்தது. முன்பு விசிலுக்குப் பயந்தது இப்போது லலிதகுமாரி வீட்டில் கற்றுக்கொண்ட மதிப்பெண்ணுக்கும், தாணுமூர்த்தி வீட்டில் கற்றுக்கொண்ட சர்க்கரை வியாதிக்கும், எங்கள் வீட்டில் கற்றுக்கொண்ட என் நாத்தனாருக்கும் சேர்த்து நடுங்கியது.

பயம் போன பிரம்மசக்தியை முதலில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. அவள் புருஷனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பாலம் தாண்டி ஜங்ஷன் வரை போய், அல்வா வாங்கி வந்து எல்லார் வீட்டுக்கும் கொடுத்தாள். ஜன்னலில் கூடு கட்டியிருந்த குளவிகளைத் துடைப்பத்தால் தட்டிவிட்டாள். கூட்டத்தில் எழுந்து, “மோட்டாரை நீங்க தப்பான நேரத்துல போடுதிய, அதான் வழியுது, இனி நான் வந்து நிறுத்த மாட்டேன்” என்று தாணுமூர்த்தியின் முகத்துக்கு நேரே சொன்னாள், அன்று கை தட்டினோம். என்னைப் பார்த்து, “அக்கா, உங்க மீன் குழம்புல எப்பவும் புளி தூக்கலா இருக்கும், பயந்துக்கிட்டு சொல்லாம இருந்தேன்” என்றாள், அன்று யாரும் கை தட்டவில்லை.

சமாதானபுரத்தில் சாலையைக் கடக்கும்போது அவள் இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை என்று ஒருத்தி வந்து சொன்னாள். வண்டிகள்தான் நின்றன. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாள், விரல் கொப்பளித்தது, வலித்தது என்று சொன்னாள், மறுநாளும் வெறுங்கையால் இறக்கினாள்.

பிள்ளை விஷயம் தெரிந்தது நான் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது. நேத்ரா கைப்பிடிச் சுவர்மேல் ஏறி, தெருப்பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரம்மசக்தி கொடியில் புடவை விரித்துக்கொண்டிருந்தாள். நான் பதறி ஓடிப்போய் வாரித் தூக்கினேன். “அவ காத்து வாங்குதா அக்கா, எதுக்கு இப்படி ஓடுதிய, வேர்க்குது பாருங்க,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு வேர்க்கிறதே என்ற நிஜமான அக்கறையோடு சொன்னாள்.

பிள்ளைகள் விழுந்த உடனே அழுவதில்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கணம் நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்க்கும், அந்த முகம் கலங்கினால் அடி பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அழும், கலங்காவிட்டால் மண்ணைத் தட்டிக்கொண்டு விளையாடப் போகும். நாய், நெருப்பு, கிணறு, உயரம் எல்லாவற்றையும் அந்த முகத்தில்தான் படிக்கிறது. நேத்ரா சுவரின்மேல் ஏறுவதற்கு முன்னால் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்திருப்பாள். அங்கே ஒன்றும் இல்லை. ஏறிவிட்டாள்.

ஆவுடையப்பன் மார்த்தாண்டத்திலிருந்து வந்து, இதைக் கேட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்று சாயங்காலம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினான். “எம் பொஞ்சாதி பயத்தைக் குடுத்துருங்க. பிள்ளை செத்துப்போயிரும்,” என்றான். யாரும் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. லலிதகுமாரி பரீட்சை முடியட்டும் என்றாள். தாணுமூர்த்தி தன் ரத்தப் பரிசோதனை முடியட்டும் என்றார். இன்னொரு வீட்டில் மகள் பெங்களூரில் ஒருவனோடு பேசுகிறாள், அது முறியட்டும் என்றார்கள். கடைசியில் அவன் அழுததைப் பார்த்து, இனி எந்த வீட்டிலும் அதைத் தடவக் கூடாது, செல்லம் கொஞ்சக் கூடாது, அப்போது தானாகத் தன் வீட்டுக்குப் போய்விடும் என்று முடிவு செய்தோம். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டும் போட்டோம். எமல்டா டீச்சர், “எல்லாரும் ஒண்ணுபோல நிறுத்தணும். ஒரு வீட்ல எப்பவாவது ஒரு தடவை தடவுனாக்கூட அது விடவே விடாது, தெனமும் தடவுறதைவிட அதுதான் மோசம்,” என்று எச்சரித்தார். எல்லாரும் தலையாட்டினோம். பிறகு ஒவ்வொரு வீட்டிலும், எப்பவாவது, ஒரே ஒரு தடவை, யாரும் பார்க்காதபோது. டீச்சர் வீட்டிலும்தான், பாடம் தெரிந்தவர் என்பதால் அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்படியும் ஒரு சனிக்கிழமை அது போகத்தான் பார்த்தது. அன்று காலை கட்டடத்தில் ஒரு குக்கரும் விசில் அடிக்கக் கூடாது என்று ஆவுடையப்பன் எல்லார் காலிலும் விழாத குறையாகக் கேட்டிருந்தான். வாட்ச்மேன் தன் விசிலைக் கழற்றி மேசைக்குள் வைத்தான். கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை, இடியாப்பம் அவிகிற சத்தம்கூடக் கேட்டது. பயம் ஒவ்வொரு படியாக நின்று, மோந்து, காதைத் திருப்பித் திருப்பி ஏறியது. மூன்றாம் தளத்தில் ஆவுடையப்பன் தரையில் மண்டியிட்டுக் கையை நீட்டி, “வா… வந்துரு… தெரியாம சொல்லிட்டேன், வந்துரு என் சாமி” என்றான். அவனுக்குப் பின்னால் பிரம்மசக்தி கதவில் சாய்ந்துகொண்டு, யாரோ தெரிந்தவர் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். “வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். எதுக்கு அழுதிய?” என்றாள். பயம் முன்னங்கால் ஒன்றை வாசற்படிக்கு உள்ளே வைத்தது. பிரம்மசக்தியின் கீழுதடு லேசாக நடுங்கியது. அவள் திரும்பி, “நேத்ரா எங்க?” என்றாள்.

அப்போது ஒரு குக்கர் விசில் அடித்தது.

பயம் ஒரே பாய்ச்சலில் கீழே போய்விட்டது. அவள் உதட்டு நடுக்கமும் நின்றுவிட்டது. எந்த வீட்டு விசில் என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லாரும் மேல்வீட்டைச் சொன்னார்கள், மேல்வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டைச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அன்று பருப்பு வைத்திருந்தது உண்மை, ஆனால் எங்கள் குக்கரின் ரப்பர் வளையம் போய் மாசக்கணக்காகிறது, அது உஸ்ஸென்று இழுக்குமே தவிர விசில் என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு முறை மறுபடி தொடங்கிவிட்டது. யாரும் தீர்மானிக்கவில்லை, செவ்வாய்க்கிழமை வந்தது, லலிதகுமாரி வந்து கேட்டாள், அவ்வளவுதான். ஆவுடையப்பன் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான், போகும்போதெல்லாம் மொட்டை மாடிப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

இன்று புதன்கிழமை. அவன் நாகர்கோவிலில் இருக்கிறான். சண்டை அதே படியில், அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. “உங்க பையனுக்குப் பயம் போதும், எங்க வீட்ல எம் மருமவனுக்கு ராத்திரி வண்டி ஓட்டுற வேலை, அதுக்குத்தான் ஒரு நாள் கூட வச்சேன்,” என்றார் டீச்சர். “மருமவனுக்கா, உங்களுக்கா? முந்தானைக்குள்ள வச்சுத் தடவிக்கிட்டுல்ல இருக்கிய!” என்றாள் லலிதகுமாரி. “சங்கத்து விதிப்படி,” என்று தாணுமூர்த்தி ஆரம்பித்தார், அதை யாரும் எப்போதும் முடிக்க விட்டதில்லை. நான் எனக்கு வியாழக்கிழமை முறை என்பதை நினைவுபடுத்தினேன், புதன் பிந்தினால் வியாழனும் பிந்தும். லலிதகுமாரி வாலைப் பிடித்தாள், டீச்சர் கழுத்தைப் பிடித்துக்கொண்டார், பயம் நடுவில் கிடந்து நடுங்கியது, வேடிக்கை பார்க்க எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. காலையில் யாரோ மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டுவிட்டுக் கதவைப் பூட்டாமல் வந்திருந்தார்கள்.

மூன்றாம் தளத்துக் கம்பியில் சாய்ந்து பிரம்மசக்தி எட்டிப் பார்த்தாள். முழங்கை வரை மாவு. கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்கிற குரலில், யார் முகத்தையும் தனியாகப் பார்க்காமல், பொதுவாகப் படியைப் பார்த்துச் சொன்னாள்:

“யாராவது மொட்டை மாடிக்குப் போயி நேத்ராவை இறக்கி விடுதியளா? அவ காலு எங்க அடுக்களை ஜன்னலுக்கு மேல தொங்குது, வெளிச்சத்தை மறைக்குது. எனக்குக் கை பூரா மாவு.”

எல்லாருக்கும் கேட்டது. கேட்டதும் ஒவ்வொருவரும் தமக்கு மேல்படியில் நிற்கிறவரைப் பார்த்தோம். மேல்படியில் நின்றவர் தமக்கு மேல் திறந்திருந்த கதவுகளைப் பார்த்தார். “நீங்க கையை எடுங்க டீச்சர், அது நடுங்குதுல்லா,” என்றாள் லலிதகுமாரி. பயம் அந்தப் பெரிய காதுகள் இரண்டையும் மேலே தூக்கி, இதுவரை நடுங்காத மாதிரி நடுங்கி, படி ஏற இழுத்தது, ஒருத்தி கழுத்தையும் ஒருத்தி வாலையும் விடவில்லை.

பிரம்மசக்தி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அதே குரலில், சத்தத்தைக் கொஞ்சமும் கூட்டாமல், மறுபடி கேட்டாள்.

“யாராவது?”